ரெட்டைத் தெங்கு மார்க்

தீப்பெட்டியோ சோப்போ தேயிலைப் பொட்டலமோ, எது வீட்டுக்குள் வந்தாலும் நான் முதலில் அதன் மேலிருக்கும் மார்க்கைத்தான் பார்ப்பேன். அதிலும் படம் போட்ட இடத்தைவிட, ஒன்றும் போடாமல் வெறுமனே விட்ட இடத்தில்தான் என் கண் போய் நிற்கும். வீட்டில் உள்ளவர்களுக்கு இது பெரிய கேலி. "எல்லாரும் சோப்ப மோந்து பாப்பாவ, கெழவி மொறச்சுப் பாக்கும்" என்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஒரு மார்க்கின் நடுவே கிடந்த வெற்றிடத்தை நம்பித்தான் எங்கள் வீடு ஒரு காலத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அது அவர்களுக்கு எங்கே தெரியும்?

நான் சொல்வது திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சிக் காலம். மார்த்தாண்டம் சந்தையை ஒட்டி அப்பாவுக்கு ஒரு கடை இருந்தது. வாயுத் தைலம் காய்ச்சி விற்பார். நொச்சியும் சுக்கும் இன்னும் என்னென்னவோ பச்சிலைகளும் தேங்காயெண்ணெயில் போட்டு, பெரிய உருளியில் மெதுவாகக் காய்ச்சுவார். அந்த வாசம் எங்கள் தலையணை வரைக்கும் இருக்கும். ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் என் பக்கத்தில் உட்காருகிற பெண்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அவர்களுக்கே முழங்கால் பிடித்துக்கொண்டால் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். தைலக் குப்பிகள் வைக்கோல் பொதிந்த பெட்டிகளில் அஞ்சுகிராமம் வழியாகத் தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து கப்பலேறிக் கொழும்புக்கும் போயின. கொழும்பில் நம்மூர்க்காரர்கள் அவ்வளவு பேர் இருந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், கடைகளில் நிற்கிறவர்கள். இடுப்பு வலி எல்லாருக்கும் உண்டு.

அப்பாவுக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. மூக்கு வைத்தியர். அப்படி ஒரு மூக்கு அவருக்கு. சந்தையில் அவர் வருமுன் மூக்கு வரும் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். முகத்துக்கு நேரே பேச எவனுக்கும் தைரியம் கிடையாது. அவ்வளவு முன்கோபி.

எனக்கு ஒரே ஒரு தம்பி. அவன் சின்னப் பையனாக இருக்கும்போது, வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் நின்ற இரண்டு தென்னைகளில், எங்கள் பேச்சில் தெங்குகளில், ஒன்றை வெட்டுகத்தியால் மாறி மாறிக் கொத்திவிட்டான். புதுக் கத்தி, கை சும்மா இருக்குமா? மரத்தில் ஆழமாக ஒரு வெட்டு விழுந்தது. "காய்க்கிற மரத்துலயால கைய வச்ச?" என்று அப்பா அவனை விளாசு விளாசென்று விளாசினார். அழுது ஓய்ந்து நாலைந்து நாளான பிறகு, பொழுது சாயும் நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் அடுக்களைப் படியில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தோம். திடீரென்று அவனுக்குச் சிரிப்பு வந்து கிழங்கு புரையேறிவிட்டது.

"யக்கா, அங்க பாரு. அப்பா நிக்காரு!"

நான் பதறிப்போய் வாசல் பக்கம் பார்த்தேன். "அங்க இல்லட்டி, தெங்குக்க நடுவுல" என்றான். அக்காளை ஏட்டி போட்டுப் பேசுகிற பயல் அவன். பார்த்தேன். மரங்கள் இரண்டும் கறுத்து நின்றன. நடுவில் வானம் மட்டும் மஞ்சளாகக் கிடந்தது. ஒரு மரம் நேராக நின்றது. மற்றது வளைந்து, பின்மண்டை போல உருண்டு போயிருந்தது. மேலே காய்ந்த ஓலை ஒன்று இரண்டுக்கும் குறுக்காகத் தொங்கியது, அப்பா சந்தைக்குக் கட்டும் தலைமுண்டு மாதிரி. நேரான மரத்தில் இவன் போட்ட வெட்டுக்குள் வானம் நுழைந்து, அச்சு அசலாக அப்பா மூக்கு!

அதற்குப் பிறகு அது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமான விளையாட்டு. புளி திருடப் போனால், "அப்பா பாக்காரு" என்று அவன் தெங்கைக் காட்டுவான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த இடைவெளிக்கு ஒரு சலாம் வைப்பான். அம்மாவுக்குக்கூட நாங்கள் சொல்லவில்லை. தென்னை மரத்தில் விழுந்த வெட்டு ஆறாது, மேலே ஏறவும் செய்யாது. காய்ந்த ஓலை விழுந்தால் அடுத்தது வந்து தொங்கும். அதனால் நாங்கள் வளர வளர அப்பா முகம் அங்கேயே இருந்தது.

தம்பி மீசை முளைத்ததும் நாடகக் கம்பெனிக்காரர்களோடு சுற்ற ஆரம்பித்தான். அப்பாவுக்கு அவனைச் சபையில் பிரசங்கம் செய்கிற உபதேசியார் படிப்புக்கு அனுப்ப வேண்டுமென்று ஆசை. ஒரு சந்தை நாளில், ஊரெல்லாம் கூடி நிற்கும்போது, கடை வாசலில் வைத்தே அவனைக் குடையால் அடித்தார். கறுப்புத் துணி போட்ட பெரிய குடை. அடியைவிட, சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். அன்றைக்குப் போனவன் வீட்டுக்கு வரவில்லை. வெகுநாள் கழித்து ஒரு வியாபாரி வந்து, அவனைக் கொழும்பில் ஒரு கடையில் கண்டதாகச் சொன்னார். எந்தத் தெரு, எந்தக் கடை, ஒன்றும் கேட்டு வரவில்லை அந்த மனுஷன். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? இன்றைக்கும் அவர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

அப்பா ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார். "இனி அவனுக்க பேச்சு இந்த வீட்டுல கேக்கப்பிடாது." அதோடு அம்மா சிரிப்பதை நிறுத்தினாள்.

அந்தச் சமயத்தில்தான் எவனோ ஒருவன் எங்கள் தைலக் குப்பி போலவே குப்பி வாங்கி, நல்லெண்ணெயில் சூடத்தைப் போட்டு, மார்த்தாண்டம் தைலம் என்று விற்க ஆரம்பித்தான். கடைக்கு ஒரு மார்க் வேண்டும் என்று ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கிளி போட்ட தீப்பெட்டி, மயில் போட்ட துணி என்று படத்தைச் சொல்லித்தான் வாங்குவார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சிங்கம் போடு, கிரீடம் போடு, யானை போடு. "யானைக்கும் வாயுவுக்கும் என்னவே சம்பந்தம்?" என்று அப்பா சீறினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ ரேந்தைக்குப் பூ வரையுதியே மக்கா. நமக்கு ஒரு மார்க் வரையப்பிடாதா?"

நான் அப்போது மிஷன் பங்களாவில் ரேந்தை பின்னப் போய்க்கொண்டிருந்தேன். துரைசானிமார் சீமைக்கு அனுப்பும் அந்த வெள்ளை நூல் வேலை. உருண்டைத் தலையணையில் அட்டையை வைத்து, ஊசி குத்தி, குச்சிகளில் சுற்றிய நூலைக் கடகடவென்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். அந்த வேலையில் பூவை யாரும் பின்ன மாட்டார்கள். பூவைச் சுற்றி நூல் போடுவோம். நடுவில் விட்ட ஓட்டைதான் பூ. வெகுகாலம் அதைச் செய்தால் கண்ணே மாறிவிடும். கதவைப் பார்த்தால் கதவிடுக்குத்தான் தெரியும்.

அப்பா கேட்டதுமே எனக்கு ஒன்று தோன்றியது. கொழும்பில் தம்பி எந்தத் தெருவில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் தைலம் எல்லாத் தெருவுக்கும் போகுமே! அவன் ஒரு குப்பியைக் கையில் எடுத்தால் போதும். அந்த இரண்டு தெங்குக்கு நடுவில் அப்பா முகத்தைப் பார்த்தால் சிரிப்பான். சிரித்தால் கோபம் போய்விடும். கோபம் போனால் வீடு வந்து சேருவான். இவ்வளவுதான் என் கணக்கு. பைத்தியக்காரக் கணக்குத்தான். வேறு வழி இருந்ததா எனக்கு?

அடுக்களைப் படியில் உட்கார்ந்து, இரண்டு தெங்கையும் உள்ளபடி வரைந்தேன். முகம் என்று ஒரு கோடுகூடப் போடவில்லை. மரத்தைச் சரியாக வரைந்தால் முகம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தெங்கு கொள்ளாம், நல்லாருக்கு. நடுவுல என்னது, சும்மா கெடக்கு?"

"ஆகாசம்ப்பா."

"ம்" என்று மூக்கைத் தடவினார். யோசிக்கும்போது மூக்கைத் தடவுவது அவர் பழக்கம். பிறகு காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

நாகர்கோவிலில் ஓர் அச்சாபீசில் மரக்கட்டையில் செதுக்கி அச்சடிக்கக் கொடுத்தார். ஒரு நாள் அச்சாபீஸ்காரரே அடித்த லேபிள் கட்டோடு வந்து இறங்கினார். முகமெல்லாம் பெருமை. நான் ஓடிப்போய் ஒன்றை உருவிப் பார்த்தேன். பார்த்ததும் அப்படியே இடிந்துபோனேன். இரண்டு தெங்குக்கும் நடுவே, கதிர் விரித்து, தடியனாக ஒரு சூரியன் உட்கார்ந்திருந்தது!

"நடுவுல வெறுசாக் கெடந்துதும்மா. பாக்கவே வறட்சியா இருந்துது. நீ வரைய மறந்துட்ட போலன்னு நானே ஒரு சூரியன வச்சு நெறச்சேன். எப்பிடி இருக்கு?" என்றார் அவர்.

அந்தக் காலத்தில் ஒருத்தருக்கும் வெற்றிடம் பிடிக்காது. சுவரில் ஒரு முழம் சும்மா கிடந்தால் அங்கே ஒரு படத்தை மாட்டுவார்கள். அழைப்பிதழில் ஓரம் சும்மா கிடந்தால் அங்கே ஒரு கொடியை ஓடவிடுவார்கள். வெறுமனே விட்டால் தரித்திரம் என்று நினைப்பு. அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனாலும் அந்த உளியைப் பிடுங்கி வாய்க்காலில் எறியலாமா என்றிருந்தது எனக்கு.

ஊருக்கெல்லாம் சூரியனைத்தான் பிடித்துப்போனது. போதகர் வந்து, விடியலைக் கண்டாலே நோயாளிக்கு ஒரு ஆறுதல்தான் என்று தலையாட்டினார். எதிர்க் கடைப் பலசரக்குக்காரர் அய்யாவழிக்காரர். நெற்றியில் நீளமாக வெள்ளை நாமம் போட்டிருப்பார். அவர் சூரியனின் நடுக்கதிரை விரலால் தொட்டு, "இது நம்ம நாமமாக்கும்" என்று சந்தோஷமாக இரண்டு குப்பி வாங்கிப் போனார். ஒரு சின்னக் காகிதத்தில் அவரவர்க்கு வேண்டியதை அவரவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு வேண்டியது மட்டும் அதில் இல்லை. அப்பா ஒரு லேபிளை எடுத்துப் பார்த்தார், மூக்கைத் தடவினார், கல்லாப் பெட்டியில் வைத்து மூடினார்.

சூரியனை எடுக்கச் சொல்லி அப்பாவிடம் கேட்கலாம்தான். ஏன் என்பார். காரணம் சொன்னால் அத்தோடு மார்க்கும் போச்சு, நானும் போனேன். அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா வந்து, "என்னட்டி, என்னத்துக்கு இப்பிடி அழுக?" என்றாள். அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டுகத்தி, தெங்கு, மூக்கு, சலாம், எல்லாம்.

அம்மா லேபிளை வாங்கிப் பார்த்தாள். பெருவிரலைச் சூரியன் மேல் வைத்து மறைத்தாள். "எனக்க தெய்வமே, அவியளேதான்!" என்று சிரித்தாள். தம்பி போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்தபடியே அழுதாள். அந்த லேபிளை வேதபுத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். ஜெபம் முடிந்ததும் அதை எடுத்துச் சூரியன் மேல் பெருவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். "அவனுக்கும் பெருவிரல் உண்டேட்டி, அவனும் மறச்சுப் பாக்க மாட்டானா?" என்று கேட்பாள். பார்ப்பான் என்று நான் சொல்லுவேன். எனக்கு நம்பிக்கை இல்லை.

குப்பிகள் போய்க்கொண்டிருந்தன. நானும் அம்மாவும் கடையின் பின்னறையில் மரச்சீனி மாவுப் பசை காய்ச்சி லேபிள் ஒட்டுவோம். ஒட்டுகிற ஒவ்வொன்றையும் விரலால் தடவித்தான் பெட்டியில் வைப்போம். மழைக்காலம் வந்தது, போனது. கொழும்பிலிருந்து வெற்றுப் பெட்டிகள் திரும்பி வந்தன. ஒரு சேதியும் வரவில்லை.

லேபிள் தீர்ந்ததும் அப்பா தாமே நாகர்கோவிலுக்குப் போய்ப் புதிதாக அடித்து வாங்கி வந்தார். லேபிள் கட்டைப் பின்னறையில் போட்டுவிட்டு முன்னால் போய்விட்டார். நான் கட்டை அவிழ்த்தேன். சூரியன் இல்லை. இரண்டு தெங்கு, நடுவில் வெள்ளை வெளேரென்று வெற்றிடம். அதில் தலைமுண்டும் மூக்குமாக அப்பா!

அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நீ சொன்னியாட்டி?"

"நான் சொல்லல்ல. நீங்க சொன்னியளா?"

"எனக்கென்ன ரெண்டு தலையா இருக்கு, அவியகிட்ட சொல்ல?"

செலவு குறைய எடுத்திருப்பாரோ, கட்டை உடைந்திருக்குமோ என்று என்னென்னவோ நினைத்தோம். கேட்க இரண்டு பேருக்கும் பயம். சில வாரங்கள் கழித்து அச்சாபீஸ்காரர் தோள்பட்டை வலிக்குத் தைலம் வாங்க வந்தார். அப்பா அந்நேரம் கடையில் இல்லை. குப்பியை எடுத்துக் கொடுத்தபோது அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்க அப்பாவுக்கு சுகக்கேடு ஒண்ணும் இல்லையே மக்கா?"

"ஏன் கேக்கிய?"

"பின்ன என்ன? எனக்க முன்னால வந்து நின்னு, கட்டையில உள்ள சூரியன செதுக்கி எடுன்னாரு. ஒவ்வொரு கதிரா நான் பாத்துப் பாத்து வெட்டினது. என்னத்துக்கு எடுக்கணும்னு கேட்டேன். 'எனக்க மூஞ்சிய மறச்சிட்டு நிக்குது. பய எப்பிடி அடையாளம் காணுவான்?'னு சொல்லுதாரு. எந்தப் பய? கட்டையில மூஞ்சி எங்க இருக்கு? நானும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன், ரெண்டு தெங்குதான் இருக்கு."

அவரை ஏதோ சொல்லி அனுப்பிவைத்தேன். பின்னறைக்கு ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டேன். சந்தோஷமும் கோபமும் சேர்ந்து வந்தது. இத்தனை நாளும் தெரிந்துகொண்டே கல்லு மாதிரி இருந்திருக்கிறாரே! ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போவார்? அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கடையடச்சிட்டு வந்து அவியளும் அந்தப் படியில இருந்துதானே தெனமும் காலு கழுவுதாவ. அவியளுக்குக் கண்ணு இல்லையா?" என்றாள். நாங்கள் சலாம் வைத்ததையும் பார்த்திருப்பார். மூக்கைத் தடவிக்கொண்டே போயிருப்பார்.

நாங்கள் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு, ஒட்டின குப்பிகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலையை அவர் எங்களிடம் விடவில்லை. தாமே உட்கார்ந்து, லேபிள் மேலே தெரிகிறபடி ஒவ்வொன்றாக அடுக்கினார்.

அது ஒரு சந்தை நாள். அம்மா வீட்டில் இருந்தாள். நான் பின்னறையில் பசையோடு இருந்தேன். வெளியே இரைச்சல் அடங்கியது போலிருந்தது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். கடை வாசலில், அன்றைக்கு அடிபட்ட அதே இடத்தில், தம்பி நின்றான். மெலிந்து, கறுத்து, ஆள் பாதியாகியிருந்தான். கையில் எங்கள் தைலக் குப்பி.

கொழும்பில் அவன் நின்ற கடைக்கே எங்கள் பெட்டி போயிருக்கிறது. சூரியன் போட்ட லேபிளையும் அவன் பார்த்தானாம். அக்கா வரைந்தது என்று தெரிந்ததாம். ஆனால் அதில் தனக்கென்று ஒன்றும் இல்லை என்று நினைத்துக் கோபத்தோடு அலமாரியில் அடுக்கிவிட்டானாம். அடுத்த பெட்டியைத் திறந்து வைக்கோலை விலக்கினால், வரிசையாக அத்தனை அப்பாவும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இதெல்லாம் அவன் பிறகு எங்களுக்குச் சொன்னது.

அன்று அவன் குப்பியைப் பலகையில் வைத்தான். சந்தை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்பா குப்பியைப் பார்த்தார். அவனைப் பார்க்கவில்லை.

"மூக்கு கொஞ்சம் பெருசாப் போச்சுப்பா" என்றான் தம்பி.

அப்பா குனிந்தபடியே சொன்னார். "அவ்வளவு பெருசா வெட்டுனது ஆராக்கும்?"

பிறகு எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த குடையை எடுத்தார். அதே குடை. தம்பி நகராமல் நின்றான். அப்பா அதை அவன் கையில் கொடுத்தார்.

"நல்ல வெயிலாக்கும். இதப் பிடிச்சிட்டுப் போ மக்கா. அம்மை ஒத்தைக்கு இருக்கா."

தம்பி குடையை விரிக்காமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பாவே வாங்கி விரித்தார். சந்தை நாளில் எங்கள் கடை பாதியில் அடைத்தது அன்றைக்கு ஒரு நாள்தான். பசை காயாத கையோடு நான் பின்னால் நடந்தேன். முன்னால் அப்பா வெயிலில் நனைந்துகொண்டு, குடை முழுவதையும் அவன் தலைக்கு மேல் பிடித்தபடி வீடு வரைக்கும் வந்தார்.